அலிபிரியில் நின்றுபோன வண்டி

இப்போது பேட்டரி வேலை பார்க்கிற நீங்கள் எனக்குப் போன் செய்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, எட்டு மாசமா நின்னுகினு இருக்கிற வண்டி. ஜம்ப் குடுக்கலாமா, வேணாமா?" வேறு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? அநேகமாக ஸ்டார்ட் ஆகிவிடும். பானெட்டைச் சுற்றி நிற்கிறவர்கள் உங்களைப் பெரிய கெட்டிக்காரன் என்பார்கள். காப்பி வரும், குடித்துவிட்டுக் கிளம்பலாம். நானும் அப்படி எத்தனையோ காப்பி குடித்தவன்தான். சித்தூரில் ஒரு பேட்டரிக் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். கடையில் உட்கார்ந்த நாட்கள் குறைவு. டூவீலரின் பின்னால் ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு, வண்டி கிளம்பாத வீடுகளுக்கெல்லாம் போகிற ஆள் நான். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, வேலையை விட்டுவிட்டேன்.

வண்டியை எப்படிக் கிளப்புவது என்று கேட்கிறீர்கள். கிளம்பிய பிறகு என்ன சொல்லவேண்டும், யாரிடம் சொல்லவேண்டும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் உங்கள் வயதில் கேட்டதில்லை. அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு என்னை நாலு வார்த்தை திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

முதலில் பேட்டரியைப் பற்றி இரண்டு வரி. நிறுத்திவைத்த வண்டி சும்மா நிற்கிறது என்று சொந்தக்காரர்கள் நினைப்பார்கள். கட்டிப்போட்ட மாடும் தீனி தின்னும். கடிகாரம், கதவு லாக், அலாரம் என்று ஒவ்வொன்றும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். சில மாதங்களில் படுத்துவிடும். படுத்ததை அப்படியே ஒரு வருஷம் விட்டால் உள்ளே தகடெல்லாம் வெள்ளை பூத்துப்போகும். அதற்கப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் இன்ஜின் ஓடும். ஓடிக்கொண்டிருக்கிற வரை ஒரு குறையும் தெரியாது. சாவியைத் திருப்பி ஆஃப் செய்தால் அவ்வளவுதான், மறுபடி கிளம்பாது. இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இப்படி வருஷக்கணக்கில் நிற்கிற வண்டிகளுக்குக் குறைவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குத் திருமலை ஏறமாட்டார்கள். சில வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், செத்தவர் ஓட்டிய வண்டியையும் வருஷத் திதி முடிகிற வரை எடுக்கமாட்டார்கள். கவர் போட்டு மூடிவிடுவார்கள். திதி முடிந்த மறுநாள் அதே வண்டியில் மலைக்குப் போய் வந்தால்தான் துக்கம் கழிந்தது என்று அர்த்தம். அன்றைக்குக் காலையில்தான் நம் ஞாபகம் அவர்களுக்கு வரும். ஒரு வருஷமாகச் செத்துக்கிடந்தது ராகு காலத்துக்கு முன்னால் எழுந்து உட்காரவேண்டும் என்பார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி கெட்டிக்காரர். காதை வைத்தே எந்த செல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பெருமையாகப் பேசுவார்கள், அது பொய், ஆனால் கெட்டிக்காரர்தான். அவர் எனக்குச் சொன்ன பல நல்ல விஷயங்களோடு இதையும் சொன்னார்: "லேடீஸ் கிட்ட டெக்னிக்கலா பேசாதடா. பயந்துடுவாங்கோ. பக்கத்துல ஒரு ஆம்பள நிப்பான் பாரு, அவன்கிட்ட சொல்லிட்டு வந்துகினே இரு." அவர் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் கெட்ட எண்ணத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே செய்தேன். எதுவும் நடக்காததால் அது சரி என்றே இருந்துவிட்டேன்.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் ஒரு வீடு. அந்த அம்மா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கொள்ளி வைத்ததும் திதி கொடுத்ததும் வீட்டுக்காரரின் தம்பி. அடுத்த தெருவில் மனைவியோடு இருந்தார். எனக்குப் போன் செய்தவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் செய்தார். நான் போய்ச் சேரும்போது பத்தாகப் பத்து நிமிஷம்.

"வாப்பா வா. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டணும்" என்றார்.

"இன்னா சார், ரெண்டு நாள் முன்னாடி கூப்ட்டிருந்தா நிதானமா பாத்திருக்கலாமே."

"நேத்து திதி. அந்த ரோதனையில வண்டி யாருக்கு ஞாபகம் இருக்குது?"

கவரை எடுத்து ஓரமாகச் சுருட்டிப்போட்டிருந்தார்கள். சின்ன வெள்ளை வண்டி. மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் காட்டவேண்டிய இடத்தில் மூன்றுகூட இல்லை. வண்டி நிற்கும்போதே பழைய பேட்டரி, அதற்கு மேல் ஒரு வருஷம். கழற்றித் தூக்கி எறிவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. கடைக்குப் போன் செய்தேன். அந்த சைஸ் எங்களிடம் இல்லை, திருப்பதியில் இருந்த எங்கள் கிளையில் இருந்தது. அங்கிருந்து வரவழைத்தால் மதியம் ஆகிவிடும்.

அந்த நேரத்தில் டீச்சரம்மா தட்டில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "நான்தான் ஓட்டப்போறேன் மேஸ்திரி. கொஞ்சம் நல்லா பாத்துக் குடுங்க" என்றார்.

எனக்கு ஆச்சரியம். முகத்தில் தெரிந்திருக்கும் போலிருக்கிறது, அவரே சிரித்தார்.

"அவர் இருந்த வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட விடல. இந்த ஒரு வருஷத்துல டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கினேன். லைசென்ஸும் வந்துடுச்சு. எங்க அக்கா நாகலாபுரத்துல படுத்த படுக்கையா கிடக்கறா. அவளப் பாக்கணும்னா தம்பியத்தான் கேக்கணும். அவருக்கு எப்ப தோதுபடுதோ அப்பதான் போக முடியும். பஸ் மாறி மாறிப் போக எனக்கு இடுப்பு தாங்கல."

"துக்க வீட்ல டிரைவிங் கிளாஸுக்குப் போறாங்கன்னு ஊரே பேசிச்சு" என்றார் தம்பி, என்னைப் பார்த்து. "எங்கனா மோதிட்டு நின்னா யார் பதில் சொல்றது? நல்ல வெலைக்கு ஆள் பாத்து வெச்சிருக்கேன். குடுத்துட்டு நிம்மதியா இருங்க அண்ணின்னா கேக்கமாட்டேன்றாங்க."

டீச்சரம்மா கோபப்படவில்லை. "தம்பி, நான்தான் சாமி கிட்டயே விட்டுட்டேனே. வண்டி என்னை மலைக்குக் கொண்டுபோய்ச் சேத்துச்சுன்னா அது என்கிட்ட இருக்கும். சேக்கலன்னா நீங்க சொன்ன ஆளுக்கே குடுத்துடறேன். மறு பேச்சு பேசமாட்டேன்" என்றார்.

இதை என் காதால் கேட்டேன். யாரோ பின்னால் வந்து சொன்னதல்ல. என் கையில் ஸ்பேனர் இருந்தது, எனக்கு எதிரே அவர் நின்றார், கேட்டேன். அந்த வண்டியை வைத்து அந்த அம்மாவுக்கு என்ன இருக்கிறது, என்ன போகும் என்று தெரிந்துகொண்டுதான் கேபிளை மாட்டினேன்.

அந்த நேரத்தில் சரியான வேலை என்ன என்று உங்களில் யாராவது சொல்லுங்கள். "ராகு காலம் போனாப் போகட்டும், மதியம் நல்ல நேரம் பார்த்துப் புது பேட்டரியோட கிளம்புங்க" என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முடியாது என்று சொல்ல தைரியம் வேண்டும். முடியும் என்று சொல்ல ஒரு கேபிள் போதும். கொண்டுபோயிருந்த பேட்டரியிலிருந்து கொடுத்தேன். இரண்டு முறை முனகியது, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. டீச்சரம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பானெட்டை மூடினேன். தம்பியைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டேன்.

"சார், பேட்டரி செத்துடுச்சு. வழியில எங்கயும் இன்ஜினை ஆஃப் பண்ணவே கூடாது. நேரா திருப்பதியில எங்க கடைக்குப் போங்க. எடுத்து வெக்கச் சொல்றேன். மாத்திக்கினு அப்புறம் மலைக்குப் போங்க. மலையடியில அலிபிரி செக்கிங்ல ஆஃப் பண்ணச் சொல்வாங்க. மாத்தாம போனா அங்க நின்னுடும்."

"சரி சரி" என்றார். காதில் போன் இருந்தது. தலையை ஆட்டினார். கடை இருக்கும் இடத்தைச் சொன்னேன், அதற்கும் தலையை ஆட்டினார்.

டீச்சரம்மா பத்தடி தூரத்தில் இருந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது. சீட்டை முன்னால் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். நாலு எட்டு வைத்திருந்தால் அவர் காதிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. பயந்துவிடுவார், புதிதாக ஓட்டுகிறவர், எதற்குக் கலங்கடிக்கவேண்டும் என்று நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுகூட இல்லை. சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி பத்து இருபத்தைந்துக்குக் கேட்டைத் தாண்டியது. முன்சீட்டில் தம்பி, பின்னால் அவர் மனைவி. டீச்சரம்மா கைகாட்டிவிட்டுப் போனார். எனக்குக் காப்பி வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து.

ஒரு மணி சுமாருக்குத் திருப்பதி கிளையிலிருந்து போன். "அண்ணா, எவரூ ராலேதே. பேட்டரி எடுத்து வெச்சிருக்கேன்." யாரும் வரவில்லையாம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேறு கடையில் மாற்றியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டேன். டீச்சரம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை, வாங்கவில்லை. என் நம்பர் அவரிடம் இல்லை, கொடுக்கவில்லை. தம்பிக்காவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அடுத்த வாரம் தம்பியே கூப்பிட்டார். "வண்டியக் குடுத்தாச்சு. வாங்கறவரு புது பேட்டரி போட்டுக் குடுன்றாரு. எடுத்துகினு வா."

எடுத்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் வண்டி நின்றது. வாங்குகிறவர், குடியாத்தத்துக்காரர், டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி உள்ளே பேப்பர்களை எடுக்கப் போயிருந்தார். டீச்சரம்மா படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், நான் ஏதோ சொந்தக்காரன் போல, நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

"திருப்பதி வரைக்கும் எவ்ளோ நல்லா ஓடிச்சு தெரியுமா மேஸ்திரி. ஒரு லாரியக்கூட தாண்டினேன். அலிபிரியில எல்லாரையும் எறங்கச் சொன்னாங்க, பையெல்லாம் மெஷின்ல போட்டாங்க. டிக்கியத் தெறந்து காட்டணும்னு வண்டிய ஆஃப் பண்ணேன். அப்புறம் சாவியத் திருப்பறேன், டிக் டிக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். பின்னாடி நூறு வண்டி ஹாரன் அடிக்கறாங்க. பண்டி தீயண்டி மேடம், பண்டி தீயண்டின்னு செக்கிங் ஆளுங்க வண்டிய எடுக்கச் சொல்லிக் கத்தறாங்க. நாலு பேர் தள்ளி ஓரமா விட்டாங்க. ஓட்டத் தெரியாதவங்க எதுக்கு மலைக்கு எடுத்துகினு வராங்கன்னு ஒருத்தன் தமிழ்லயே கேட்டான்."

கையில் பேட்டரி கனத்தது, கீழே வைத்தேன்.

"தம்பியும் அவர் வீட்டுக்காரியும் பஸ்ல மேல போய்ட்டு வந்தாங்க. நான் ஏறல. அங்கயே மலைக் காலடியில கற்பூரம் ஏத்திட்டு உக்காந்துட்டேன். அப்புறம் ஒரு டிரைவரப் புடிச்சு, வேற வண்டியிலருந்து கரண்ட் குடுத்து ஸ்டார்ட் பண்ணி இங்க கொண்டாந்தாங்க. பேட்டரி போச்சுன்றாங்க. சரி, பேட்டரின்னா போகும்தான். ஆனா எழுவது கிலோமீட்டர் நல்லா ஓடின வண்டி சாமி காலடியில வந்து ஏன் நிக்கணும், சொல்லுங்க."

ஏன் நின்றது என்று அந்தத் தெருவில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் உள்ளே பேப்பர் தேடிக்கொண்டிருந்தார். தம்பி வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாரா, போன் பேச்சில் மறந்தாரா, அல்லது மெக்கானிக் பேட்டரி விற்கத்தான் இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவில்லை. அவரைக் கேட்க நான் யார்? வண்டியை ஓட்டியவர் அவர் இல்லையே. ஓட்டியவரிடம் நான் சொல்லவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். அதற்கப்புறம் வேலையை விடுகிற வரை, எந்த வீட்டுக்குப் போனாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், "இத ஓட்டறது யாருங்க?" என்று கேட்டேன். பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்தாலும் அவரைக் கூப்பிட்டு நிறுத்தித்தான் பேசினேன். கூட இருக்கிற ஆண்கள் முகம் சுளித்தார்கள், கடைக்கு என்னைப் பற்றிப் புகார்கூட வந்தது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஆனால் இதைச் சொல்லி நான் திருந்திவிட்டதாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அன்றைக்கு அந்த வாசலில் எனக்கு இன்னொரு தடவை சந்தர்ப்பம் கிடைத்தது. அதையும் கேளுங்கள்.

பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். குடியாத்தத்துக்காரர் சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு டீச்சரம்மா எழுந்துவிட்டார். படியிறங்கி என்னிடம் வந்தார். தம்பியும் பேப்பர்களோடு வெளியே வந்து நின்றார்.

"மேஸ்திரி, ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னைக்கு நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? கியர்ல வெச்சுகினே சாவியத் திருப்பிட்டேன்னு தம்பி சொல்றாரு. எனக்கு நெனப்பு இல்ல. உங்களுக்குத்தான் தெரியும்."

தம்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் ஒன்றும் இல்லை. நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. வாங்குகிறவர் பொறுமையான மனுஷர். வண்டி வேண்டும் என்று அந்த அம்மா வாயைத் திறந்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். 'இது செத்த பேட்டரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா, ஆஃப் பண்ணாதீங்கன்னு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்.' ஒரே வரிதான். சொன்னால் அடுத்த நொடி, "ஓட்டினது நான்தானே, என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். வேறு எதற்கும் இல்லை.

"இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஒரு வாரமாக அதை மனதில் போட்டு உருட்டியிருக்கவேண்டும். "அப்போ சாமியேதான் வேணாம்னு சொல்லியிருக்காரு" என்று மலை இருக்கும் பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டார். "அவரே சொன்னப்புறம் நாம இன்னா பண்றது. அக்காவுக்குப் போன்ல சொல்லிடறேன், முடிஞ்சப்ப வரேன்னு. இல்லையா மேஸ்திரி?"

"ஆமாம்மா" என்றேன்.

தம்பி பேப்பரை நீட்டினார், டீச்சரம்மா கையெழுத்துப் போட்டார். வண்டி கேட்டைத் தாண்டிப் போயிற்று. என் தப்பைத் தூக்கி ஏழுமலையான் தலையில் போட்டுவிட்டு, நான் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். சாமி வந்து மறுத்துச் சொல்லப்போவதில்லை என்கிற ஒரே தைரியம்தான்.